முறை தாண்டி வந்த கல்

பேத்திக்கு ஏதோ விருது கொடுக்கிறார்கள், சனிக்கிழமை விழா, நீ வந்தே ஆகவேண்டும் என்று மகள் செல்வி பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள். என்ன விருது என்று கேட்டேன். மோரிக் கல்லுக்கு என்றாள். அந்த ஊரில் சாக்கடையை மோரி என்பார்கள், அது எனக்குத் தெரியும். ஓட்டப் பந்தயத்துக்கு விருது கொடுப்பார்கள், பாட்டுக்குக் கொடுப்பார்கள். சாக்கடை மூடுகிற கல்லுக்கு எதற்குக் கொடுப்பார்கள்? சரி, போய்ப் பார்த்தால் தெரிகிறது என்று வெள்ளை வேட்டியைத் துவைத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் எங்கள் தெரு டெய்லர். நடுநடுவே நிறுத்தி, இது தேவையா பெரியவரே என்று கேட்கிறார். தேவை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நாற்பது வருஷம் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கியவன் நான். பெங்களூரை எனக்குக் கண்ணால் தெரிவதற்கு முன்னால் முதுகால் தெரியும். பெங்களூர் கத்திரிக்காய் மூட்டை ஈரமாக இருக்கும், முதுகெல்லாம் சில்லென்று ஆகும். அது சௌசௌ என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த ஊரில் கத்திரிக்காயே வெளிர் பச்சையாக உருண்டு திரண்டு காய்க்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளைக் கட்டிக் கொடுக்கப் போனபோது அங்கே மார்க்கெட்டில் சாதாரணக் கத்திரிக்காயைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

புதன்கிழமை ரயிலில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாணியம்பாடிப் பெண், பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கி ஏதோ கம்பெனியில் வேலை. மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டே எனக்கு இரண்டு சப்பாத்தி கொடுத்தாள். ஜோலார்பேட்டை தாண்டியதும் எதிர் வரிசையில் இரண்டு ஆட்கள் கன்னடத்தில் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் ஏற ஏற, அடிதடி ஆகிவிடும் என்று என் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் சிரித்தாள். "சண்டை இல்ல தாத்தா. நீங்க உட்காருங்க, இல்ல நீங்க உட்காருங்கன்னு சொல்லிக்கிறாங்க." கடைசியில் இரண்டு பேருமே உட்காரவில்லை. அந்த இடத்தில் ஒரு அம்மாள் வந்து கூடையை வைத்துவிட்டாள்.

மெட்ரோ ரயிலில் ஏற வட்டமாக ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுத்தார்கள். வேட்டி மடிப்பில் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டேன். இறங்கும் இடத்தில் அந்த வில்லையைப் போட்டால்தான் கதவு திறக்குமாம். முடிச்சு இறுகிவிட்டது. அத்தனை ஜனத்துக்கு நடுவில் வேட்டியைத் தளர்த்தவும் முடியாது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காவலுக்கு நின்ற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மெதுவா, தாத்தா" என்று தமிழிலேயே சொன்னாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் என்றால் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள்.

ஸ்ரீராம்புரத்தில் மகள் வீடு தீப்பெட்டி மேல் தீப்பெட்டி அடுக்கியதுபோல மூன்று மாடி. ஒரு மாடிக்கு ஒரு குடும்பம். மாப்பிள்ளைக்குப் பூ மார்க்கெட்டில் வேலை, விடிவதற்கு முன்னால் போய்விடுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ராகிக் களி உருண்டை, அவர்கள் முத்தை என்கிறார்கள், கூடவே கீரைச் சாறு. நான் மென்றேன். பேத்தி காவ்யா விழுந்து விழுந்து சிரித்தாள். அதை மெல்லக்கூடாதாம், அப்படியே விழுங்கவேண்டுமாம். எட்டாவது படிக்கிறாள். நான் கடைசியாகப் பார்த்தபோது என் இடுப்புக்கு இருந்தாள், இப்போது தோளுக்கு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவளே என்னை அழைத்துப்போய் அந்த மோரியைக் காட்டினாள். தெரு முனையில் சாக்கடை மேல் போட்ட கல் நடுவில் உடைந்து, ஒரு ஆள் கால் போகிற அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பூக்காரம்மா ஒருத்தி விழுந்து முழங்கால் பெயர்ந்து மூன்று வாரம் படுத்திருந்தாளாம். இவள் வகுப்பில் ஆறு பிள்ளைகள் சேர்ந்து அதைச் சரி செய்யக் கிளம்பியிருக்கிறார்கள். இவர்கள் கல் தூக்கப் போவதில்லை. யார் தூக்கவேண்டுமோ அவர்களைக் கேட்கவேண்டும். அதுதான் பாடம். குடிமையியல் என்று ஒரு பாடமாம். புத்தகத்தில் படிப்பதைத் தெருவில் செய்து காட்டவேண்டும். பல பள்ளிக்கூடங்கள் செய்கின்றன, சனிக்கிழமை ஒரு பெரிய மண்டபத்தில் எல்லாரும் மேடையேறிச் சொல்லவேண்டும், நன்றாகச் செய்தவர்களுக்கு நெஞ்சில் குத்திக்கொள்ள வில்லையும் பத்திரமும் உண்டு.

அதற்கு மூன்று விதி இருக்கிறது என்றாள். பெரிய மனிதர்கள் யாரையும் பேசுவதற்குக் கூட்டிப் போகக்கூடாது. யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாது. நடந்ததை நடந்தபடி நோட்டில் எழுதவேண்டும். எத்தனை மணிக்குப் போனோம், யாரைப் பார்த்தோம், அவர் என்ன சொன்னார், அவ்வளவுதான். நல்லவர், கெட்டவர் என்று எழுதக்கூடாதாம். நோட்டைப் புரட்டிக் காட்டினாள். எனக்கு எறும்பு ஊர்ந்ததுபோலத்தான் தெரிந்தது, ஆனால் பக்கம் பக்கமாக எறும்பு.

அன்று நாலு மணிக்கு அவர்கள் வார்டு ஆபீஸுக்குப் போனார்கள். நானும் போனேன். அவர்கள் டீச்சரம்மா கூட வந்தாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் உள்ளே போகவில்லையா என்றேன். அவர் போனால் அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார், பிள்ளைகளைப் பார்க்கமாட்டார் என்றார். நான் மட்டும் ஒரு ஓரமாக உள்ளே நழுவிவிட்டேன். வயசானவனை யார் கேட்கப்போகிறார்கள்.

அங்கே நான் கண்டதை இன்னும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இன்ஜினியர், நாற்பது வயசு இருக்கும், மேஜை நிறையக் காகிதம். இந்த ஆறு பேரும் வணக்கம் சொன்னார்கள். அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு எழுபத்து மூன்று வயசு. ஒரு ஆபீஸில் ஒரு தடவைகூட நான் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டேன், உட்கார்ந்தால் காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் நினைப்பு. இந்தப் பிள்ளைகள் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்துகொண்டு, நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, கன்னடத்தில் பேசினார்கள். ஷபானா என்கிற பெண் என் பக்கம் சாய்ந்து எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கல் தயாராகிவிட்டது, ஆனால் டிராக்டர் ஒன்றுதான், தெருத் தெருவாக முறைப்படி வரும் என்றார் இன்ஜினியர். காவ்யா, அந்த முறைப் பட்டியலைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டாளே என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து இவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் தெரு ஐந்தாவது. முதலில் அங்கன்வாடி இருக்கிற தெரு. பிள்ளைகள் ஐந்து தெருவின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். திங்கள், செவ்வாய் ஆகும் என்றார். நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்கள். அவரும் எழுந்தார். ஆமாம், அந்த அதிகாரி எழுந்து நின்றார்.

வெளியே வந்து ஒரு கடையில் காபி குடித்தோம். அங்கே பை டூ என்றால் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருகிறார்கள். டீச்சரம்மாவும் நானும் ஒரு பை டூ. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பன். எனக்கு மனசு காபியில் இல்லை. திங்கள், செவ்வாய் என்றால் விழா முடிந்துவிடுமே. மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முடிந்த வேலையைப் போட்டோ பிடித்துக் கொண்டுவருவார்கள். என் பேத்தி மட்டும் ஓட்டையைக் காட்டவா? வீட்டில் செல்வியும் அதையேதான் புலம்பினாள். "எல்லாம் பண்ணிட்டு கடசீல இதுக்குப் போயி தோத்துருவாங்களேப்பா."

எங்கள் மண்டி மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்வார். நேராகப் போனால் நாற்காலி பதில் சொல்லும், ஆளைப் பிடித்துப் போனால் ஆள் பதில் சொல்வான். ரேஷன் கார்டில் என் மனைவி பெயரைச் சேர்க்க நான் பதினோரு மாதம் நடந்தேன். வெயிலில் நிற்பேன், சாப்பாட்டு நேரம் என்பார்கள், நாளைக்கு என்பார்கள். மேஸ்திரிதான் ஒரு பெரியவரின் வீட்டைக் காட்டி, ஒரு சீப்பு வாழைப்பழமும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோய்ப் பார் என்றார். அடுத்த வாரம் பெயர் ஏறிவிட்டது. இதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. பெரிய மனிதரை வெறும் கையோடு பார்ப்பதுதான் மரியாதைக் குறைவு.

பேத்தி சொன்ன மூன்று விதி எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த விதி பிள்ளைகளுக்கு. நான் ஊரிலிருந்து வந்த ஆள், அவர்கள் கூட்டத்தில் சேர்ந்தவன் இல்லை. என்னை எந்த விதி கட்டும்? அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் ஆறு சாத்துக்குடி, இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு மணி என்கிற கட்சிக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவில் கல்யாணம், சாவு, கரண்டு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் பார்ப்பார்களாம், இஸ்திரி போடுகிறவர் சொன்னார். நல்ல மனிதர். என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா பெரியவரே இந்த வயசுல நடந்து வந்தீங்க? ஒரே போன்." டிராக்டர் மேஸ்திரியோடு கன்னடமும் உருதுவும் கலந்து இரண்டு நிமிஷம் பேசினார். முடிந்தது. நான் வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளைக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டிராக்டர் வந்துவிட்டது. நாலு ஆட்கள் கடப்பாரையைக் கொடுத்து உடைந்த கல்லைப் பெயர்த்து, புதுக் கல்லை இறக்கினார்கள். எனக்குத் தோள் துறுதுறுவென்றது, நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அந்த ஆட்கள் என்னைச் சும்மா இருக்கும்படி கையெடுத்துக் கும்பிட்டார்கள். கல் உட்கார்ந்ததும் எதிர்வீட்டு அம்மாள் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி ஒரு சின்னக் கோலம் போட்டாள். நான் அதன் மேல் இந்தப் பக்கம் நடந்தேன், அந்தப் பக்கம் நடந்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.

நாலு மணிக்குக் காவ்யா வந்தாள். நான் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்க. அவள் கல்லைப் பார்த்தாள். பையை இறக்கி, நோட்டைத் திறந்து, அந்தப் பட்டியலைப் பார்த்தாள்.

"மத்த நாலு தெருவுக்கும் போட்டாச்சா தாத்தா?"

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அங்கன்வாடித் தெரு இரண்டு சந்து தள்ளித்தான். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது, கூடவே ஷபானாவும் நந்தீஷும் மற்ற பிள்ளைகளும். அங்கே காலையில் டிராக்டர் ஆட்கள் வந்து, பழைய கல்லைப் பெயர்த்துப் போட்டு, மேலே கிடந்த பலகையையும் எடுத்துவிட்டார்களாம். அதற்குள் மேஸ்திரி அவர்களுக்குப் போன் போட்டாராம், வண்டியைத் திருப்பிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்களாம். எடுத்துப் போட்ட பலகையை யாரோ வெந்நீர் அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இப்போது ஓட்டை என்றுகூடச் சொல்லமுடியாது, பள்ளம். அங்கன்வாடி வாசலுக்கு நேர் எதிரே.

என் வேலைதான் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து மணி அந்த வழியாக வண்டியில் வந்தார். கல்லைப் பார்த்து நிறுத்தினார். "பாத்தியா பாப்பா, உங்க தாத்தா வந்து ஒரு வார்த்தை சொன்னாரு, காலையில கல்லு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, சாத்துக்குடி இனிப்பாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். காவ்யா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள், "நமக்கு முன்னாடி நாலு தெரு இருந்துச்சு தாத்தா" என்றாள். அவ்வளவுதான்.

டீச்சரம்மாவுக்குப் போன் போட்டார்கள். அவர் என்னிடமும் பேசினார். கல் வராவிட்டாலும் விருதுக்கு ஒன்றும் குறைவில்லை தாத்தா, எப்படிக் கேட்டார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள் என்றார். அதை நான் வியாழக்கிழமை பை டூ குடிக்கும்போதே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. நோட்டில் என்ன எழுதுவது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும், நான் சொல்லமாட்டேன் என்று வைத்துவிட்டார்.

அந்தப் புதுக் கல்லின் மேலேயே வட்டமாக உட்கார்ந்தார்கள். நந்தீஷ் எழுதவேண்டாம் என்றான். "நாம எதுவும் தப்பு பண்லியே. தாத்தாதானே பண்ணாரு. அவரு நம்ம குரூப்பே இல்ல." என் வாதம்தான். அவன் வாயில் கேட்கும்போது அவ்வளவு நன்றாக இல்லை. ஷபானா அவனை விடவில்லை. "எழுதலன்னா நாம கேட்டு முறையா வந்த கல்லுன்னு ஆயிரும். அது பொய்தானே?" எழுதினால் விருது போய்விடும் என்றாள் இன்னொரு பெண், கண் கலங்கி. நாலு மாதம் நடந்திருக்கிறார்கள், பாவம். கடைசியில் கை தூக்கிப் பார்க்கலாம் என்றார்கள்.

காவ்யா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு என் தாத்தா. நான் தூக்கக்கூடாது. நீங்க அஞ்சு பேரு சொல்லுங்க."

மண்டியில் சங்கத் தேர்தல் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மச்சானுக்கு ஓட்டுப் போடச் செத்துப்போன அப்பன் பெயரில் வந்து நின்றவனையெல்லாம் பார்த்திருக்கிறேன். என் ஆள், அதனால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. எழுதலாம் என்று மூன்று கை, வேண்டாம் என்று இரண்டு.

என் வாக்குமூலத்தைக் காவ்யா எழுதவில்லை, ஷபானாதான் எழுதினாள். எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் வழி காட்டினார்கள், என்ன சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். போலீஸ் ஸ்டேஷனில்கூட என்னை இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. மண்டித் தகராறு ஒன்றுக்காக ஒரு தடவை போயிருக்கிறேன், அது வேறு கதை, டெய்லர் முறைக்கிறார். பழம் கொண்டுபோனதையும் சொன்னேன்.

"சாத்துக்குடியக்கூட எழுதணுமா?" என்றான் நந்தீஷ்.

"எத்தனை தாத்தா?" என்று கேட்டாள் ஷபானா. ஆறு என்றேன். ஆறு என்று எழுதிக்கொண்டாள்.

ஆபீஸ் மூடுவதற்குள் எல்லாரும் ஓடினார்கள். இந்தத் தடவை நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். இன்ஜினியருக்கு வண்டி திரும்பியதே தெரியாதாம். போனில் யாரையோ சத்தம் போட்டார். அடுத்த கல் நாளை மத்தியானத்துக்குள் அங்கன்வாடித் தெருவுக்குத்தான் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அதுவரை பள்ளத்துக்கு என்ன செய்வது? பிள்ளைகள் ஒரு வேப்பங்கிளையை வெட்டிவந்து, சிவப்புத் துணியைக் கட்டி, பள்ளத்தில் நட்டார்கள். அந்த ஊரில் அதுதான் வழக்கம், கிளை நின்றால் பள்ளம் என்று அர்த்தம். நாங்கள் சந்து திரும்புவதற்குள் ஒரு ஆடு வந்து இலையைத் தின்றுவிட்டு, கிளையையும் சாய்த்துவிட்டது. மறுபடி நட்டோம். ஆடு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் சொல்லிவிட்டேன், நாளைக்கு மண்டபத்துக்கு வரவில்லை, அங்கேதான் நிற்கப்போகிறேன் என்று. செல்விக்குக் கோபம் வந்தது. "விழாவுக்குன்னு வரவழச்சா மோரிக்குக் காவல் இருக்கப் போறியா? ஜனங்க இன்னா நெனப்பாங்க?" கல் வரும்வரை யாராவது நிற்கத்தானே வேண்டும், பள்ளத்தைத் திறந்தது நான்தானே என்றேன். காவ்யா என்னை வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "ஏழரைக்கே பால் வாங்க வர ஆரம்பிச்சிருவாங்க தாத்தா" என்றாள்.

சனிக்கிழமை ஏழரைக்குப் போய் நின்றேன். துவைத்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைத்தான் கட்டியிருந்தேன். முதலில் பால் பாக்கெட்டுக்கு வந்தவர்கள், பிறகு வேலைக்குப் போகிறவர்கள், ஸ்கூட்டர்கள். போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்கள்தான் ரொம்ப. கையைக் குறுக்கே நீட்டினால் தலையைத் தூக்காமலே சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஒன்பதரைக்கு அங்கன்வாடிக் குழந்தைகள் வந்தன. மூன்று வயசு, நாலு வயசு. கையைப் பிடித்தும், சிலதைத் தூக்கியும் அந்தப் பக்கம் விட்டேன். ஒரு குழந்தை அந்தப் பக்கம் விட்டதும் திரும்பி ஓடிவந்து மறுபடி தூக்கச் சொன்னது. அதை மூன்று தடவை தூக்கினேன். பதினாறு பேர்.

பக்கத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிற ரத்தினம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் நிறுத்தி வைத்தது, கார்ப்பரேஷன் ஆளா என்று கேட்டாள். மறைக்கவில்லை. உங்கள் தெருவுக்கு வந்த கல்லை நான்தான் ஆள் பிடித்து எங்கள் தெருவுக்குத் திருப்பினேன் அம்மா என்றேன்.

இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நில்லு" என்றாள்.

நின்றேன். வெயில் ஏறியது. பதினோரு மணிக்கு அவளே ஒரு தட்டில் இரண்டு இட்லியும் சட்னியும் கொண்டுவந்து நீட்டினாள். "ஸ்வல்ப நெழல்ல நின்னு துன்னு. நான் பாத்துக்கறேன்." தின்றுகொண்டிருக்கும்போது மண்டபத்தில் இப்போது என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மைக்கில் என் பெயரைப் படிப்பார்களா, தாத்தா என்று மட்டும் சொல்வார்களா? தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பன்னிரண்டு மணி சுமாருக்கு டிராக்டர் வந்தது. அதே நாலு ஆட்கள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்தத் தடவை அவர்களாகவே ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள்.

கல் உட்கார்ந்து சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். விழா முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை, நேராக இங்கேதான். ஆறு பேர் நெஞ்சிலும் வில்லை மின்னியது. நந்தீஷ்தான் எல்லாவற்றையும் கொட்டினான். முதல் இடம் வேறொரு பள்ளிக்கூடத்துக்கு. பஸ் நிற்காத இடத்தில் பஸ்ஸை நிற்க வைத்தவர்களாம். காவ்யா மேடையில் நோட்டைப் படித்தபோது சாத்துக்குடி வந்த இடத்தில் மண்டபமே சிரித்ததாம். அடுத்த வரியில் அந்த அங்கன்வாடிப் பள்ளம் வந்ததும் ஒரு சத்தம் இல்லையாம். நடுவராக வந்த ஒரு அம்மாள், இதை எழுதாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காதே என்று கேட்டாராம். எங்களுக்குத் தெரியுமே என்றாளாம் காவ்யா. அந்த அம்மாள் எழுந்து நின்று கைதட்டினாராம். அந்த நோட்டுக்கென்று தனியாக ஒரு பாராட்டுப் பத்திரம். திங்கள்கிழமை விழா நடத்தியவர்கள் அந்த நோட்டை வாங்கிக்கொண்டுபோய் மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் படித்துக் காட்டப் போகிறார்களாம். ஆக, என் ஆறு சாத்துக்குடியும் பெங்களூர் பூராவும் சுற்றப் போகிறது.

நான் காவ்யாவின் வில்லையைத் தொட்டுப் பார்த்தேன். கனமாக இருந்தது. அவள் ஈரச் சிமெண்டில் படாமல் ஒரு ஓரமாகக் குந்தி நோட்டைத் திறந்தாள்.

"கல்லு எத்தனை மணிக்கு வந்துச்சு?"

என்னிடம் கடிகாரம் கிடையாது. ரத்தினம்மா வண்டியிலிருந்தே, பன்னிரண்டு பத்து என்றாள். காவ்யா எழுதிக்கொண்டாள். பிறகு என்னைக் கேட்காமல் அவளையே கேட்டாள். "இவரு எப்பத்துலேந்து நின்னாரு ஆன்ட்டி?"

"ஏழரைலேந்து. நான் வண்டி போடறப்பவே இருந்தாரு."

அதையும் எழுதினாள். ரத்தினம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எனக்கு எழுத்தும் தெரியாது, அது கன்னடம் வேறு. என்னம்மா எழுதியிருக்கிறாய் என்று காவ்யாவைக் கேட்டேன். விரலை வரியின் மேல் ஓட்டிக்கொண்டே தமிழில் படித்துச் சொன்னாள்.

"சனிக்கிழமை காலை ஏழரை மணியிலேந்து பன்னிரண்டு பத்து வரைக்கும் பள்ளம் திறந்திருந்தது. பக்கத்துல முனுசாமி, வயசு எழுபத்து மூணு, நின்னாரு. யாரும் விழல."